ஆறு வினைச்சொற்கள்

அரசியலமைப்பு உறுதியுரைகளை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. பதவியேற்பவர் வலக்கையை உயர்த்துவார், படம் பிடிப்பார்கள், முடிந்துவிடும். ஆனால் எமது அரசியலைத் திசைதிருப்பிய ஓர் உறுதியுரை நிதானமாக வாசிக்கப்படவேண்டியது.

இலங்கை அரசியலமைப்பின் நான்காவது அட்டவணை பழைய மாதிரியானது: கடமையைச் சரிவரச் செய்வேன், குடியரசுக்கு விசுவாசமாயிருப்பேன், அரசியலமைப்பைக் காப்பேன். 1983 ஓகஸ்டில், ஜூலையின் புகை அடங்குமுன்னர், ஆறாவது திருத்தம் ஏழாவது அட்டவணையைச் சேர்த்தது. அதுவும் அரசியலமைப்பைக் காப்பேன் என்றுதான் தொடங்குகிறது. உடனேயே தொனி மாறுகிறது. தனி அரசு அமைப்பதை நேரடியாகவோ மறைமுகமாகவோ, நாட்டுக்குள்ளோ வெளியிலோ ஆதரிக்கமாட்டேன், தழுவமாட்டேன், வளர்க்கமாட்டேன், நிதி வழங்கமாட்டேன், ஊக்குவிக்கமாட்டேன், பரிந்து பேசமாட்டேன்.

ஆறு வினைச்சொற்கள். இவற்றில் ஆயுதம் எடுப்பதைக் குறிக்கும் சொல் ஒன்றுமில்லை. நிதியை விட்டால், மற்றைய ஐந்தையும் ஒருவர் நாவாலும் பேனாவாலுமே செய்துவிடலாம். ஆக, இது வன்முறையைத் தடுக்க எழுதப்பட்ட வாசகமல்ல. பேச்சைத் தடுக்க எழுதப்பட்டது.

1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் 18 பேரும் தனிநாட்டுக்கென ஆணை கேட்டே வென்றார்கள். மக்களிடம் பெற்ற வாக்கும் சபையில் கொடுக்கவேண்டிய வாக்கும் நேருக்குநேர் மோதின. கூட்டணி உறுதியுரையை மறுத்தது, ஆசனங்கள் பறிபோயின. பேசவேண்டிய சபையில் பேச ஆளில்லாமல் போனபோது யார் பேசத் தொடங்கினார்கள் என்பதை நாம் அறிவோம்.

நாம் வாழும் லண்டனில் நிலைமை வேறு. ஸ்கொட்டிஷ் தேசியக் கட்சியினர் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிக்கு விசுவாசம் சொல்லிவிட்டு அமர்ந்து பிரிவினை கேட்கிறார்கள். 2014இல் அதற்கு வாக்கெடுப்பே நடந்தது. விசுவாசம் சொல்ல மறுக்கும் சின் ஃபெயினர் சபையில் அமரமுடியாது, சம்பளமில்லை. ஆனால் தொகுதி அவர்களுடையதாகவே இருக்கிறது. இதைப் பெருந்தன்மை என்று புகழவேண்டியதில்லை. அயர்லாந்தில் இந்த அரசு செய்தவை மறக்கக்கூடியவையல்ல. இங்குள்ள உறுதியுரை யாருக்கு விசுவாசம் என்று கேட்கிறது. எதைக் கேட்கக்கூடாது என்று பட்டியல் போடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிராளியின் பிரதியை மட்டும் விமர்சிப்பது சுலபம். 1983இல் உறுதியுரையை மறுத்து ஆசனம் இழந்த அமிர்தலிங்கம் 1989இல் தேசியப்பட்டியல் வழியாகப் பாராளுமன்றம் திரும்பினார். அவ்வருடம் ஜூலை 13இல் கொழும்பில் அவரைச் சுட்டுக் கொன்றவர்கள் புலிகள். அரசு கேட்ட சொல்லைச் சொல்லாததற்குப் பதவி போனது. எம்மவர் கேட்ட மௌனத்தைக் காக்காததற்கு உயிர் போனது. எமது பட்டியல் எங்கும் அச்சிடப்படவில்லை. அதனாலேயே அதற்குத் திருத்தமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை.

சமஷ்டி கேட்பது பிரிவினையல்ல என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லை மீட்க 34 வருடங்கள். ஆறாவது திருத்தம் இன்னும் இருக்கிறது. 'வெளியிலோ' என்ற அந்தச் சொல் லண்டனில் இருக்கும் எம்மையும் எண்ணியே எழுதப்பட்டது. அதைக் கண்டிக்க எமக்கு உரிமையுண்டு. எமது கூட்டங்களில் எழுந்து மாற்றுக் கருத்துச் சொல்பவரை முழுமையாகப் பேசவிட்டபின் கண்டித்தால், அந்தக் கண்டனத்துக்கு மதிப்புமிருக்கும்.