ஒரு சாட்சி, இரு வழக்குகள்

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களுள் யாக்கோபின் நிருபம் அளவிற் சிறியது; 5 அதிகாரங்கள், 108 வசனங்கள். இயேசுவின் பெயர் இதில் இரண்டே இடங்களில் வருகின்றது. சிலுவை பற்றியோ உயிர்த்தெழுதல் பற்றியோ வெளிப்படையாக ஒரு சொல்லும் இல்லை. செயலோடு சேராத விசுவாசம் உயிரற்றது என்பதே இதன் வாதம். ஈமானையும் நல்ல அமல்களையும் இணைத்தே கேட்டுப் பழகிய நம் செவிக்கு அது அயலாகத் தோன்றுவதில்லை. அதனாலேயே நம்மவருள் சிலர், பவுலை மறுப்பதற்கென்றே யாக்கோபைக் கைக்கொள்கின்றனர். அவ்வழக்கம் இருவருடைய எழுத்தையும் ஒருங்கே சிதைக்கின்றது என்பது என் கருத்து.

மரபு இந்த யாக்கோபை இயேசுவின் சகோதரர் என்றும், எருசலேம் சபையின் தலைவர் என்றும் கூறும். நிருபத்தின் செம்மையான கிரேக்க நடையைக் காட்டி, பிறர் ஒருவர் அவர் பெயரால் எழுதியது எனக் கொள்ளும் ஆய்வாளரும் பலர் உளர். மனிதரைப் பற்றி அத்தகைய ஐயம் இல்லை. பவுலே கலாத்தியருக்கு எழுதுகையில் சபையின் தூண்களுள் ஒருவராக அவரைக் குறிக்கின்றார். கி.பி. 62ஆம் ஆண்டளவில் அவர் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் பதிந்து வைத்துள்ளார்.

இருவரும் அழைக்கும் சாட்சி ஒருவரே: ஆபிரகாம், நாம் இப்ராஹீம் (அலை) எனப் போற்றும் நபி. இருவரும் காட்டும் வசனமும் ஒன்றே: ஆதியாகமம் 15:6. அவர் இறைவனை நம்பினார், அந்நம்பிக்கை அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது அதன் பொருள். பவுல் காலவரிசையைப் பிடித்துக்கொள்கின்றார். விருத்தசேதனக் கட்டளை, அதாவது நாம் சுன்னத் என்பது, 17ஆம் அதிகாரத்தில்தான் வருகின்றது. நீதிமான் என்னும் மதிப்போ 15ஆம் அதிகாரத்திலேயே வந்துவிட்டது. ஆகவே சுன்னத் செய்துகொள்ளாத பிற இனத்தாரும் ஆபிரகாமின் மக்களே என வாதிடுகின்றார். யாக்கோபோ 22ஆம் அதிகாரத்திற்கு, மகனைப் பலியிடத் துணிந்த நிகழ்ச்சிக்கு, நம்மை அழைத்துச் செல்கின்றார். முன்சொன்ன வசனம் அந்தச் செயலில்தான் நிறைவெய்தியது என்கின்றார். (அம்மகனுக்கு ஈசாக்கு என்று அங்கே பெயர் கூறப்படுவது நம்மிடையே பெரிதும் வழங்கும் கருத்தினின்று வேறானது, அவ்வாராய்ச்சி இங்கு வேண்டுவதில்லை.) உடனே ஆபிரகாமை இறைவனின் நண்பர் எனவும் குறிக்கின்றார். ‘கலீலுல்லாஹ்’ என்னும் சிறப்புப் பெயரை அறிந்த எவரும் அவ்விடத்தில் சற்றே நின்றுதான் செல்வர்.

இனி, ‘கிரியை’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். பவுல் அதனை மறுக்குமிடங்களில் அவர் கண்முன் நிற்பவை விருத்தசேதனம், உணவு விதி, நாள் அனுசரிப்பு முதலியன. யாக்கோபு வற்புறுத்துவது ஆடையற்றவனுக்கு ஆடை, பசித்தவனுக்கு உணவு. யாக்கோபு சாடும் விசுவாசம் ஷைத்தான்களிடத்தும் உள்ள வெறும் ஒப்புதல். பவுல் விரும்பும் விசுவாசமோ அன்பின் வழியே செயற்படுவது. அதற்காக, இருவரும் ஒன்றையே சொன்னார்கள் என்று மழுப்புவதும் நேர்மையன்று. யாக்கோபிடமிருந்து சிலர் அந்தியோகியாவுக்கு வந்தபின், பிற இனத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு பந்தியினின்று விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். அது மெய்யான பூசல்.

மார்ட்டின் லூதர் 1522ஆம் ஆண்டு வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் இந்நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். ஆயினும் அவர் இதனை நீக்கிவிடவில்லை. அவர் வழிவந்த தரங்கம்பாடிப் பாதிரிமார் 1715இல் அச்சிட்டு முடித்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டிலும் இது இடம்பெற்றது.

லூதர் இகழ்ந்ததும் நம்மவர் புகழ்வதும் இரண்டாம் அதிகாரத்தின் பிற்பகுதியையே. அதன் முற்பகுதியை யார் படிக்கின்றனர்? பொன் மோதிரமும் பளபளக்கும் ஆடையுமாக ஒருவன் சபைக்குள் வருகின்றான். கந்தலோடு ஏழை ஒருவனும் வருகின்றான். முன்னவனுக்கு நல்ல ஆசனம். பின்னவன் நிற்கலாம், அல்லது காலடியில் அமரலாம். நம் விழாக்களின் முன்வரிசை நாற்காலிகளை நினைத்துக்கொண்டு இவ்விடத்தைப் படித்துப் பாருங்கள். ஐந்தாம் அதிகாரத்தில், வயலறுத்தவனுக்குக் கொடாமல் நிறுத்திய கூலி தானே கூக்குரலிடுகின்றது. 2:24ஐ மனப்பாடமாகச் சொல்லி விவாதத்தில் வென்றவர், 5:4ஐத் தாண்டிச் சென்றால் யாக்கோபு அவரைத் தம் கட்சியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

எருசலேமின் தூண்கள் மூவரும் பவுலிடம் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: ஏழைகளை மறவாதீர். பவுல் மறக்கவில்லை. மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சபைகள் மனமுவந்து அளித்த நிதியோடு எருசலேமுக்குப் புறப்படுவதாக ரோமருக்கு எழுதினார். சென்றார், மறுநாள் யாக்கோபைக் கண்டார். நேர்ச்சை பூண்டிருந்த நால்வருடன் சேர்ந்து தூய்மைச் சடங்கு செய்து, அவர்களுக்கான செலவையும் ஏற்குமாறு அங்கிருந்தோர் சொன்னார்கள். கிரியையால் நீதி இல்லை என்று எழுதிய அந்தக் கை மறுக்கவில்லை. மறுநாளே அந்நால்வரையும் அழைத்துக்கொண்டு பவுல் ஆலயத்திற்குள் சென்றார்.