எழுதியாச்சு சரி, கிடைச்சுதா?

லினக்ஸில் ஹியூஜ் பேஜ் ஒதுக்கும் சர்வீஸுக்கு ஒரு டெஸ்ட் எழுதச் சொன்னால் நாம் என்ன எழுதுவோம்? சர்வீஸை ஸ்டார்ட் பண்ணு, எக்சிட் கோட் 0 வருதான்னு பார், முடிஞ்சது. நானும் அப்படித்தான் எழுதினேன். டெஸ்ட் கடைசிவரை பச்சையாகவே இருந்தது, சர்வர்தான் படுத்துவிட்டது. இந்தக் குறிப்பு அந்த வகை டெஸ்ட்கள் மீதான விமர்சனம். முதல் குற்றவாளி நானே.

முதலில் இதில் என்ன லாபம் என்று பார்த்துவிடலாம். சாதாரண எக்ஸ்86 மெஷினில் கெர்னல் மெமரியை 4 கேபி பக்கங்களாக நிர்வகிக்கிறது. ஹியூஜ் பேஜ் என்றால் 2 எம்பி அல்லது 1 ஜிபி. 15 ஜிபி ஷேர்டு பஃபர் உள்ள ஒரு போஸ்ட்கிரெஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 4 கேபி பக்கங்களில் அதற்கு 39 லட்சத்துக்கும் மேல் பேஜ் டேபிள் பதிவுகள் வேண்டும். பதிவு ஒன்றுக்கு 8 பைட். ஆக, பஃபர் முழுவதையும் தொடும் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் வெறும் பேஜ் டேபிளுக்கே 30 எம்பி போய்விடும். 100 கனெக்‌ஷன் என்றால் 3 ஜிபி. அதே கணக்கு 2 எம்பி பக்கங்களில் 7,680 பதிவுகள், 60 கேபி. டிஎல்பி மிஸ் குறைவது தனி லாபம்.

சர்வீஸின் வேலை ரொம்பச் சின்னது. கெர்னல் காட்டும் ஒரு கோப்பில் எத்தனை பக்கம் வேண்டும் என்று எழுத வேண்டும். என் கேஸில் 8192 பக்கம், அதாவது 16 ஜிபி. ஆனால் அது பார்க்கத்தான் கோப்பு. நாம் அதில் எழுதுவது ஒரு கோரிக்கை மட்டுமே. கெர்னல் 2 எம்பி அளவுக்குத் தொடர்ச்சியாக இருக்கும் இடங்களைத் தேடும், கிடைத்த வரைக்கும் ஒதுக்கும், எழுதியது வெற்றி என்றே திருப்பிச் சொல்லும். 8192 கேட்டு 5310 கிடைத்தாலும் பிழை வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் இடத்தை நான் பார்த்ததில்லை.

இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டு எழுதப்படும் டெஸ்ட்கள் மூன்று வகை. முதல் வகை, டெம்ப் அடைவில் ஒரு பொய்க்கோப்பை வைத்து அதில் சரியான எண் விழுந்ததா என்று பார்ப்பது. பொய்க்கோப்பு எழுதியதையே திருப்பித் தரும், கெர்னல் தராது. அதாவது சோதிக்க வேண்டிய வித்தியாசத்தையே இந்த டெஸ்ட் துடைத்துப் போட்டுவிடுகிறது. இரண்டாவது வகை, இப்போதுதான் பூட் ஆன விஎம்மில் ஓட்டுவது. அங்கே மெமரி துண்டு துண்டாகியிருக்காது, கேட்டதெல்லாம் கிடைக்கும். மூன்றாவது, சிஸ்டம்டி 'ஆக்டிவ்' என்று சொன்னால் நம்பிவிடுவது. 'ஒன்ஷாட்' வகை சர்வீஸில் 'ரிமெய்ன் ஆஃப்டர் எக்சிட்' போட்டிருந்தால், ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் முடிந்தது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது.

என் டெஸ்ட் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த கலவை. நிஜ சர்வர் 32 ஜிபி, பல நாள் ஓடிக்கொண்டிருந்த மெஷின். ரீபூட் இல்லாமல் டிப்ளாய் செய்தோம், பக்கங்கள் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைத்தன. போஸ்ட்கிரெஸ்ஸில் ஹியூஜ் பேஜ் அமைப்பின் டிஃபால்ட் 'ட்ரை'. போதுமான பக்கம் இல்லையென்றால் பேசாமல் 4 கேபி பக்கங்களுக்கு மாறிக்கொள்ளும். இது ஆவணத்திலேயே இருக்கும் நடத்தை, அதன் மேல் பழி போட முடியாது. விளைவு இரட்டை நஷ்டம். டேட்டாபேஸ் 15 ஜிபியைச் சாதாரணப் பக்கங்களில் எடுத்தது. ஒதுக்கப்பட்ட 10.4 ஜிபி ஹியூஜ் பேஜ் யாருக்கும் உதவாமல் பூட்டிக் கிடந்தது. அதை வேறு எந்த ப்ராசஸும் சாதாரண மெமரியாகப் பயன்படுத்த முடியாது. அதன்மேல் பேஜ் டேபிள் சுமை வேறு. லோடு ஏறிய ஒரு ராத்திரி ஓஓஎம் கில்லர் வந்து டேட்டாபேஸைக் கொன்றது. சர்வீஸே இல்லாமல் இருந்திருந்தால் அந்த ராத்திரி பிழைத்திருப்போம்!

அப்ப நல்ல டெஸ்ட் எது? சர்வீஸ் எழுதிய பிறகு அதே எண்ணைத் திரும்பப் படித்து, குறைந்தால் தோல்வி என்று வெளியேற வேண்டும். டெஸ்ட் அந்தத் தோல்வியை வரவழைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு மெமரியைச் செயற்கையாகத் துண்டாக்கிக் கஷ்டப்பட வேண்டாம். தூக்கிப் போடக்கூடிய 4 ஜிபி விஎம் ஒன்றில் 4096 பக்கம், அதாவது 8 ஜிபி கேளுங்கள். நிச்சயம் கிடைக்காது. அப்போது சர்வீஸ் 'ஃபெய்ல்டு' ஆகிறதா? பக்க எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியதா? இவைதான் கேள்விகள்.

அடுத்து, டேட்டாபேஸ் யூனிட். 'ஆஃப்டர்' என்பது வரிசையை மட்டும்தான் சொல்லும். முன்னது தோற்றாலும் பின்னது கிளம்பிவிடும். தடுக்க 'ரிக்வயர்ஸ்' சேர்க்க வேண்டும். டேட்டாபேஸுக்குப் போய் நேரடியாகக் கேட்பதும் நல்லது. போஸ்ட்கிரெஸ் 17இலிருந்து 'ஹியூஜ் பேஜஸ் ஸ்டேட்டஸ்' அதைச் சொல்லிவிடுகிறது.

"மெதுவாகவாவது ஓடட்டுமே, ஏன் நிறுத்த வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியானால் குறைவாகக் கிடைத்த பக்கங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடட்டும், கூடவே ஒரு அலர்ட் அடிக்கட்டும். பூட் சமயத்திலேயே கெர்னல் பாராமீட்டரில் ஒதுக்குவது இன்னும் நம்பகமான வழி. ஆனால் அங்கேயும் கிடைத்ததைப் படித்துப் பார்ப்பது மிச்சம் இருக்கிறது.

இந்த வழிகளில் எதைத் தேர்ந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. எதையும் தேர்ந்தெடுக்காமல், எழுதியதோடு வேலை முடிந்தது என்று பச்சை காட்டும் டெஸ்ட்டைத்தான் என்னால் இனி ஏற்க முடியாது. என்னுடையதை அழித்துவிட்டேன். புதிய டெஸ்ட் முதல் ஓட்டத்திலேயே சிவப்பு காட்டியது. திரும்பப் படித்து ஒப்பிடும் வரியே என் ஸ்கிரிப்டில் இல்லை.