நிறுவன விதிகளை யாருக்காக எழுதுகிறோம்?

2021 டிசம்பர் நடுவில், திருவள்ளூர் மாவட்டத்தின் பூந்தமல்லி வட்டாரத்து விடுதி ஒன்றில் தங்கி, ஆப்பிளுக்குப் பொருள் செய்து தரும் பாக்ஸ்கான் ஆலைக்கு வேலைக்குப் போய்வந்த பெண்கள் கெட்டுப்போன உணவால் நூற்றுக்கணக்கில் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்ட தோழிகளுக்கு நம்பும்படியான பதில் கிடைக்கவில்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. திருப்பெரும்புதூர் அருகே இருந்த ஆலை மூடப்பட்டது. மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைத் தன் கண்காணிப்பின் கீழ் வைத்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டது. உற்பத்தி மீண்டும் தொடங்க 2022 ஜனவரி நடுப்பகுதி ஆயிற்று. இதில் கவனிக்க வேண்டியது, எழுதப்பட்ட விதிக்கு அங்கே பஞ்சமே இல்லை என்பதுதான். ஆப்பிளுக்குப் பொருள் செய்து தரும் நிறுவனங்களுக்கான நடத்தை விதிகள் 2005 முதலே இருக்கின்றன. தங்குமிடமும் உணவும் எப்படி இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு.

அந்த விதிகளின் வாசகர் தணிக்கையாளர். அவர் வந்து பார்த்துப் போகும் வரைக்கும் ஆவணம் தன் கடமையைச் செய்தது. விடுதியில் தங்கியிருந்த பெண்ணுக்கு அது எதையும் சொல்லவில்லை. சோறு கெட்டிருந்தால் இரவு பத்து மணிக்கு யாரிடம் சொல்வது, சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமா, உடன் தங்கியவள் எந்த மருத்துவமனையில் இருக்கிறாள் என்பதை யார் தெரிவிப்பார் என்ற மூன்று கேள்விகளுக்கு அவள் மொழியில் அவள் கண்ணில் படும் இடத்தில் பதில் இருந்திருந்தால், வதந்திக்கு இடம் மிகவும் குறைந்திருக்கும். ஆகவே ஒரு நிறுவனத்தின் கொள்கையையும் செயல்முறையையும் பக்க எண்ணிக்கையாலோ சட்ட நடையாலோ அளப்பதில் பயனில்லை என்று கருதுகிறேன். அதன்படி நடக்க வேண்டியவர் அதைப் புரிந்துகொண்டு, வேலை நடக்கும் இடத்தில், கிடைக்கும் நேரத்துக்குள் நடந்துகாட்ட முடியுமா? முடியாதபோது, தண்டனைக்கு அஞ்சாமல் அதைச் சொல்ல முடியுமா? இவ்விரண்டில் தேறாத விதி, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், கோப்புக்கு மட்டுமே பயன்படும்.

இந்த அளவுகோலை நம் சட்டம் வெகுகாலம் முன்பே ஓரளவு கண்டுகொண்டது. 1946ஆம் ஆண்டின் தொழில் நிலையாணைகள் சட்டம், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நிபந்தனைகளை எழுத்தில் வைக்க வேண்டும் என்றது. ஷிஃப்ட், வருகை, விடுப்பு, தற்காலிக நீக்கம், எது ஒழுங்கீனம், குறை இருந்தால் எங்கே முறையிடுவது என்பவை எல்லாம் அதில் அடக்கம். வரைவை முதலாளி எழுதினாலும் அது நேராக நடைமுறைக்கு வந்துவிட முடியாது. சான்றளிக்கும் அதிகாரி அதைத் தொழிற்சங்கத்துக்கு, சங்கம் இல்லாவிட்டால் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு அனுப்பி, 15 நாளுக்குள் ஆட்சேபம் கேட்க வேண்டும். முடிவான நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும், அவர்கள் நுழையும் வாயிலருகே பலகையில் ஒட்ட வேண்டும். தொடக்கத்தில் வரைவு நியாயமானதுதானா என்று பார்க்கும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு இருக்கவில்லை. 1956இல் வந்த திருத்தம் அதையும் கொடுத்தது. வாசகர் யார், அவருடைய மொழி எது, அவருக்கு மறுத்துப் பேச உரிமை உண்டா என்ற மூன்றையும் ஒரு தொழிற்சட்டம் இவ்வளவு தெளிவாக யோசித்திருப்பது பாராட்டத்தக்கது. எழுத்து இல்லாத இடத்தில் சூப்பர்வைசரின் மனநிலையே சட்டமாகிவிடும். நேற்று பத்து நிமிடத் தாமதத்துக்கு ஒன்றும் சொல்லாதவர் இன்று அரை நாள் சம்பளத்தை வெட்டினால், எழுதிய விதிதான் பலவீனமானவர் காட்டக்கூடிய ஒரே சான்று. தற்காலிக நீக்கத்தில் இருப்பவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளமும், தாமதம் அவரால் ஏற்படாதபோது அதற்குப் பிறகு முக்கால் பங்கும் பிழைப்பூதியமாகத் தர வேண்டும் என்று 1982இல் சேர்க்கப்பட்ட ஏற்பாடு, எழுத்து கருணையை உரிமையாக மாற்றியதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால் அந்தச் சட்டத்தோடே அதன் குறையும் பிறந்தது. அரசு ஒரு மாதிரி வாசகத்தை வெளியிட்டது. நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி அதையே படியெடுப்பது எளிதான வழியாயிற்று. நூற்பாலைக்கும் உருக்காலைக்கும் வேதிப்பொருள் ஆலைக்கும் ஒரே வாசகம் பொருந்தினால், அது அவற்றில் எந்த ஆலையின் வேலையையும் பற்றிப் பேசவில்லை என்றுதான் பொருள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு இந்தக் குறையைக் கூட்டியிருக்கிறது. நிலையாணைகள் கட்டாயமாகும் எண்ணிக்கை 300ஆக உயர்ந்துவிட்டது. மாதிரி வாசகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் அது சான்றளிக்கப்பட்டதாகவே கருதப்படும். தொழிலாளியிடம் வரைவைக் காட்டி ஆட்சேபம் கேட்கும் கட்டம்தான் பழைய சட்டத்தின் உயிர். படியெடுப்பவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிப்போக இப்போது வழி கிடைத்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் சிட்கோவிலும் உள்ள நடுத்தர ஆலைகள் பலவற்றுக்கு 300 என்பது எட்டாத எண். சிறு நிறுவனங்களின் காகிதச் சுமையைக் குறைக்கத்தான் இந்த மாற்றம் என்பார்கள். சுமை உண்மைதான். முதலாளியே கணக்கரும் கொள்முதல் அதிகாரியுமாக இருக்கும் பட்டறையில் 60 பக்கக் கையேட்டை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் சுமையாக இருந்தவை அதிகாரியின் மேசைக்குப் போன படிவங்கள். வாயிலில் ஒட்டப்பட்ட இரண்டு பக்கம் யாருக்கும் சுமையாக இருந்ததில்லை. முந்தியதைக் குறைத்துப் பிந்தியதைக் காப்பாற்றியிருக்க முடியும்.

மொழியிலும் பழைய சட்டத்தின் கணக்கு இந்த வட்டாரத்துக்கு இனிப் பொருந்தாது. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். ஒரே உலையைச் சுற்றித் தமிழும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் புழங்கும்போது, பெரும்பான்மையின் மொழி என்ற விதி சிறுபான்மையை எழுத்துக்கு வெளியே நிறுத்துகிறது. அவர்களில் பலர் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். ஆலையின் விதி தங்களைக் கட்டுமா, கான்ட்ராக்டரின் வாய்ச்சொல் கட்டுமா என்பதே அவர்களுக்குத் தெளிவில்லை. மிக ஆபத்தான வேலையில் நிற்பவருக்கு மிகக் குறைவாகவே விதி போய்ச் சேர்கிறது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் போபால் ஆலையின் நச்சுவாயுப் பேரழிவு காட்டியது. மெத்தில் ஐசோசயனேட்டைக் குளிர்நிலையில் வைக்க வேண்டும் என்று அந்த ஆலையின் கையேடு சொன்னது. குளிரூட்டும் அமைப்போ 1984 ஜூனிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. இயக்கியவர்களில் பலருக்கு அந்த மொழியில் போதிய பழக்கம் இல்லை. மேலிருப்பவர் செலவைக் குறைக்க விதியை மீறுகிறார், அது மீறல்தான் என்று கீழிருப்பவரால் சொல்ல முடியவில்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆலை தன் பாதுகாப்புக் கொள்கையை எழுதித் தொழிலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆபத்தான ஆலை தன் அபாயங்களைச் சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்ல வேண்டும். உடனடி ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளி எச்சரிக்கலாம் என்பவை அதில் சேர்ந்தன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கோரமண்டல் நிறுவனத்தின் கடலடி அம்மோனியாக் குழாயில் கசிவு ஏற்பட்டபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் இருட்டில் வீட்டை விட்டு ஓடினார்கள். கப்பலிலிருந்து அம்மோனியாவை இறக்குவதற்கு முன் குழாயைக் குளிர்விக்கும் வழக்கமான கட்டத்தில் நேர்ந்த விபத்து அது. ஆலை வாயிலருகே காற்றில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. அனுமதி அளவு 400. பின்னர் 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடும் விதிக்கப்பட்டது. காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது, முகத்தில் ஈரத்துணியை எப்போது கட்டுவது என்பது குப்பத்து வீடுகளில் தெரிந்திருக்க வேண்டிய செயல்முறை. மக்கள் மூக்கு சொன்னதைக் கேட்டு எழுந்து, கால் போன பக்கம் ஓடினார்கள் என்றால், அவசரத் திட்டத்தின் வாசகர் பட்டியலில் அவர்கள் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

நல்ல விதி எப்படி இருக்கும் என்பதைக் கும்மிடிப்பூண்டியின் உலைகளை வைத்தே யோசிக்கலாம். பழைய இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் உலையில் இரண்டு பொருள்கள் கொல்லும்: ஈரமும் மூடிய கலமும். ஐப்பசி மழையில் நனைந்த ஸ்கிராப்போ, வாய் மூடிய பழைய சிலிண்டரோ உருகிய உலோகத்துக்குள் விழுந்தால், நீர் நொடியில் ஆவியாகியோ, அடைபட்ட வாயு விரிந்தோ உலோகத்தை வெளியே வாரியடிக்கும். ‘உலையில் இடுமுன் ஸ்கிராப் முறையாகச் சோதிக்கப்பட வேண்டும்’ என்று எழுதினால் தணிக்கையாளருக்கு நிறைவாக இருக்கும். உலைப்பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் சொல்லாது. யார் சோதிப்பது? எதைப் பார்ப்பது? மழை நாளில் எவ்வளவு ஸ்கிராப்பைக் கூரைக்குக் கீழே முன்கூட்டி வைப்பது? சந்தேகம் வந்தால் கிரேனை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? நிறுத்தியதால் அன்றைய டன் குறைந்தால் அதற்குப் பொறுப்பு யாருடையது? கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாதவரை முன்னுள்ளவை எல்லாம் ஒப்புக்குத்தான். உற்பத்தி இலக்கும் பாதுகாப்பு விதியும் மோதும் இடத்தில் எது விட்டுக்கொடுக்கும் என்பதைச் சொல்லத் துணியாத கொள்கை, அந்த முடிவைச் சம்பளம் குறைந்தவரின் தலையில் வைத்துவிடுகிறது.

இதற்கெல்லாம் காகிதம் எதற்கு, அனுபவம் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் வலுவான சான்று உண்டு. தொழிற்சங்கங்கள் ‘விதிப்படி வேலை’ என்ற போராட்டத்தை நடத்தும்போது, யாரும் எதையும் மீறாமலே உற்பத்தி சரிகிறது. எழுதியதை விட அதிகமான அறிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொழிலாளர்கள் அன்றாடம் ஆலையை ஓட்டுகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? ஆயினும் இதிலிருந்து எழுத்தே வேண்டாம் என்ற முடிவு வராது. எழுதியவர் அந்த அறிவைக் கேட்கவில்லை என்ற முடிவுதான் வரும். மருத்துவத்தில் இதற்கு நல்ல சோதனை நடந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் சரிபார்க்கும் பட்டியல் ஒன்றை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பயன்படுத்தியபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8க்கு இறங்கியதாக 2009இல் வெளியான ஆய்வு கூறியது. அந்த எட்டில் புதுதில்லியும் ஒன்று. அதே வகைப் பட்டியல் கனடாவின் ஒண்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் கட்டாயமாக்கப்பட்டபோது குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை என்று 2014இல் இன்னோர் ஆய்வு சொன்னது. இரண்டு ஆய்வுகளின் மருத்துவச் சூழலும் வேறு என்பதால் ஒப்பீட்டை அளவோடுதான் கொள்ள வேண்டும். ஆனாலும், பங்கேற்று ஏற்றுக்கொண்ட குழுவின் பட்டியலும் மேலிருந்து ஆணையாக வந்த பட்டியலும் ஒரே பலனைத் தருமென்று எதிர்பார்க்க முடியாது என்பது எனக்குப் போதுமான பாடம்.

ஐஎஸ்ஓ 9001 தரநிர்ணயமும் இந்தப் பக்கமாகத்தான் நகர்ந்து வந்திருக்கிறது. 1987இல் பிறந்த அந்தத் தரம் ஒரு காலத்தில் தரக் கையேட்டையும் எழுதிய செயல்முறைகளையும் கட்டாயமாகக் கேட்டது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் கட்டாயச் செயல்முறைகள் ஆறாகக் குறைந்தன. 2015இல் கையேடே கட்டாயமில்லை என்றாயிற்று. தேவையான அளவுக்கு எழுதினால் போதும், வேலை அதன்படி நடப்பதற்குச் சான்று இருக்க வேண்டும் என்பதே இப்போதைய நிலை. சான்றிதழோடு பெரிய வாகன நிறுவனங்களின் வாசலில் நிற்கும் சிறு உதிரிபாக ஆலைகள் பல, பழைய பழக்கத்தில் இன்னும் தடித்த கோப்புகளையே விலைக்கு வாங்குகின்றன. தரமே கைவிட்ட பாரத்தை நாம் விரும்பிச் சுமக்கிறோம்.

எழுதிய விதிக்கு எதிராகச் சொல்லப்படுவதில் எனக்கு மிகவும் கனமாகப் படுவது இன்னொன்று: நிர்வாகம் அதைக் கேடயமாக்கிக்கொள்ளும் என்பது. விபத்து நடந்ததும் ‘செயல்முறையை மீறினார்’ என்று ஒரு வரி எழுதி, கையெழுத்து வாங்கிய தாளைக் காட்டிக் கோப்பை மூடிவிடலாம். புரியாத மொழியில் உள்ள இருபது பக்கத்துக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே வாங்கிய கையெழுத்து, பாதிக்கப்பட்டவருக்கு எதிரான சாட்சியாக மாறுகிறது. இந்த அச்சம் முழுக்க நியாயமானது. ஆகவே கையெழுத்தைப் பயிற்சிக்குச் சான்றாக ஏற்கக் கூடாது. அவர் அந்த வேலையை மூத்த தொழிலாளி முன் செய்துகாட்டிய பதிவே சான்றாக வேண்டும். மீறல் நடந்த ஒவ்வொரு விசாரணையிலும், அந்த விதிப்படி அன்று அந்த ஆள்பலத்தோடு வேலை நடந்திருக்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும். முடியாது என்றால் குற்றப்பத்திரிகை விதியை எழுதியவர் பெயருக்குப் போகட்டும்.

புதிய சட்டம் கேட்காவிட்டாலும், 300க்குக் குறைவான ஆள்பலம் கொண்ட ஆலைகள் பழைய சட்டத்தின் 15 நாள் ஆட்சேப முறையைத் தாமாகவே வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. வரைவை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் உரக்கப் படிக்கலாம். படம் போட்டு உலையருகே ஒட்டலாம். கான்ட்ராக்டரின் ஆட்களையும் அதே கூட்டத்தில் நிறுத்தலாம். மொழிபெயர்ப்புக்கும் அந்தக் கூட்ட நேரச் சம்பளத்துக்கும் ஆகும் செலவை முதன்மை நிறுவனம் ஏற்க வேண்டும். கான்ட்ராக்டரிடம் தள்ளிவிட்டால் அது நடக்காது. சிப்காட் வளாகத்தின் தொழில்முனைவோர் சங்கங்கள் சேர்ந்து பொதுவான மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தினால் சிறு ஆலைக்கும் அது எட்டும். ஆட்சேபம் வந்து திருத்தப்பட்ட வரி எது என்பதை விதியின் அடியிலேயே தேதியோடு குறிக்கட்டும். தான் சொன்னதால் மாறிய வரி ஒன்று பலகையில் இருப்பதைப் பார்க்கிற தொழிலாளிதான் அடுத்த முறை நனைந்த ஸ்கிராப்பைக் கண்டு கிரேனை நிறுத்தச் சொல்வார்.