கைப்பிடியைப் பார்த்து வாங்குங்கள்

தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலைத் தாண்டிய செம்மணல் பாதையில் நண்பரின் தார் ஜீப் ஒருபக்கமாக இழுக்கத் தொடங்கியது. மணலில் புதையாமல் இருக்க நான்கு டயரிலும் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கியிருந்தோம். அதனாலேயே பின்னால் ஒரு டயர் மட்டும் கூடுதலாக அமுங்கியது கண்ணில் படவில்லை. இறங்கிப் பார்த்தால் டயரின் நடுப்பட்டையில் உடைமுள். தேரி ஓரங்களில் குடை விரித்தாற்போல் நிற்குமே, அந்த உடைமரத்தின் வெள்ளை முள். காய்ந்துவிட்டால் ஆணிக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

ஸ்டெப்னி இருந்தது. ஆனால் தேரி மணலில் ஜாக்கி வைத்தால் வண்டி மேலே ஏறாது, ஜாக்கிதான் கீழே இறங்கும். பலகை தேடிப் போட்டுத் தூக்கலாம். உச்சி வெயிலில் அது ஒரு மணி நேர வேலை. சக்கரத்தைக் கழற்றாமலே ஓட்டையை அடைத்துவிடலாம் என்பதுதானே டியூப்லெஸ் டயரின் பெரிய வசதி! நண்பர் தன் பஞ்சர் கிட்டை எடுத்தார். 250 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கியது. முள்ளைப் பிடுங்கிவிட்டு, அரம் போன்ற ஊசியை ஓட்டையில் வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். பாதி இறங்கியதும் பிளாஸ்டிக் கைப்பிடி இரண்டாகப் பிளந்தது. ஊசி டயரிலேயே நின்றுவிட்டது. உள்ளங்கையில் நல்ல காயம். கட்டிங் பிளேயரால் ஊசியை இழுத்து எடுத்து, என் பையிலிருந்த இரும்புக் கைப்பிடிக் கருவியால் மீதி வேலையை முடித்தோம்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு பழைய கார் டயரை ரிம்மோடு வாங்கிப் போட்டு, மூன்று வகைக் கிட்டுகளை வைத்து இரண்டு வாரம் குத்தியும் அடைத்தும் பார்த்தேன். முதலிரண்டும், பிசுபிசுப்பான ரப்பர் திரியை ஊசியில் கோத்து ஓட்டையில் திணிக்கும் ஸ்ட்ரிப் கிட்டுகள்: ஒன்று ஸ்க்ரூ டிரைவர் போன்ற நேரான பிளாஸ்டிக் கைப்பிடி, மற்றது ‘டி’ வடிவ உலோகக் கைப்பிடி. மூன்றாவது, காளான் வடிவ ரப்பர் அடைப்பைத் துப்பாக்கிபோல் உள்ளே தள்ளும் வகை.

பெட்டியின் மேல் ‘30 ஸ்ட்ரிப்’, ‘50 துண்டு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். ஒரு பயணத்தில் நான்கு ஸ்ட்ரிப்புக்கு மேல் தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. ஸ்ட்ரிப்பைத் தனியாகச் சில்லறை விலைக்கு எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். கைப்பிடியும் ஊசியும்தான் கிட்.

கார்களின் ரேடியல் டயரில் நடுப்பட்டைக்கு அடியில் எஃகுக் கம்பி அடுக்கு இருக்கிறது. ஆணி போன வழியில் அந்தக் கம்பிகள் அறுந்து முனை நீட்டிக்கொண்டு நிற்கும். அர ஊசியை ஓட்டைக்குள் பலமுறை மேலும் கீழுமாக இழுத்து அவற்றை மழுக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டுவிட்டால், ஓடும்போது அந்தக் கம்பிகளே ஸ்ட்ரிப்பை உள்ளிருந்து அறுத்துவிடும். ‘அடைச்சது ரெண்டே நாளில் போயிடுச்சு’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கைவிட்டிருப்பார்கள். கம்பி அடுக்கு ஊசியை எளிதில் விடாது. நேரான கைப்பிடியில் வியர்த்த கை வழுக்குகிறது. மணிக்கட்டுதான் முழு வலியையும் வாங்குகிறது. ‘டி’ கைப்பிடியை உள்ளங்கையில் ஊன்றி, தோள் பலத்தைக் கொடுக்கலாம். என் சோதனையில் நேர்க்கைப்பிடியோடு மூன்று துளைகள் போடுவதற்குள் கை சோர்ந்துபோனது. உலோக ‘டி’ கைப்பிடியில் ஒரே மாலையில் எட்டுத் துளைகள் அடைத்தேன்.

வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள். ஊசி கைப்பிடிக்குள் எப்படி நிற்கிறது? பிளாஸ்டிக்கில் வார்த்துச் சொருகியதென்றால் ஒருநாள் கழன்று வரும். திருகாணியால் இறுக்கியதென்றால் ஊசி வளைந்தாலும் ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்ட்ரிப் கோக்கும் ஊசியின் காதில், நுனிப்பக்கம் ஒரு சிறு பிளவு இருக்க வேண்டும். ஸ்ட்ரிப்பை உள்ளே தள்ளிவிட்டு ஊசியைச் சடக்கென்று இழுக்கும்போது, அந்தப் பிளவு வழியாகத்தான் ஸ்ட்ரிப் விடுபட்டு டயரில் தங்கும். மலிவான கிட்டில் பிளவு இருந்தது, ஆனால் விளிம்புகள் கத்திபோல் கூர்மை. நான் போட்ட ஸ்ட்ரிப்புகளில் இரண்டை அதுவே அறுத்துவிட்டது. மணல்தாள் வைத்துத் தேய்த்த பிறகு சரியானது.

டயர் முழுக்கக் காற்றிழந்து தொய்ந்திருக்கும்போது ஊசியை அழுத்தினால் ரப்பர் உள்வாங்கிக்கொண்டே போகும். முதலில் கொஞ்சம் காற்றடித்து டயரை விறைப்பாக்கிக்கொண்டு, முள்ளைப் பிடுங்கியதும் வேலையைத் தொடங்குங்கள். முள் எந்தச் சாய்வில் போயிருந்ததோ அதே சாய்வில் ஊசி போக வேண்டும். ஸ்ட்ரிப்பின் மேல் ரப்பர் சொல்யூஷன் தடவினால் வழுவழுப்பாக இறங்கும். வெளியே ஒரு சென்டிமீட்டர் வால் நீட்டிக்கொண்டிருக்க ஊசியை உருவி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்து, குமிழ் வராவிட்டால் வாலை வெட்டலாம். டயரோடு ஒட்ட வெட்டாமல் சிறிது விட்டு வெட்டுவது நல்லது.

காளான் வகையைப் பற்றி எனக்கு இரண்டு மனது. அடைப்பின் தலை டயருக்கு உள்ளே விரிந்து உட்கார்ந்துகொள்வதால் பார்க்கவே நம்பிக்கையாக இருக்கிறது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும் பைக்கில் போகிறவர்கள் பலர் இதைத்தான் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். கைக்கு அடக்கம், கனம் குறைவு. ஆனால் அடைப்பு நுழையும் குழாய்க்காக ஓட்டையைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது. திருகித் தள்ளும் வேலைக்குப் பொறுமையும் வேண்டும். கம்பி அடுக்குள்ள கார் டயரில் ஸ்ட்ரிப் எனக்கு நிம்மதியாக இருந்தது. பைக்குக்குக் காளான் போதும்.

பைக் என்றதும் ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பல்ஸ் 200, பழைய ஹிமாலயன் 411 போன்ற கம்பிச் சக்கர வண்டிகள் டியூப் உள்ளவை. அவற்றில் ஸ்ட்ரிப் கிட் ஒரு பயனும் தராது. டயர் நெம்பி, மாற்று டியூப், ஒட்டுப்போடும் சாமான் என்று வேறு பை கட்ட வேண்டும். காடு மேடு போகவென்றே வாங்கிய வண்டியில் இதைத் தெரியாமல் புறப்பட்டவர்களை வழியில் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

ஓட்டையை அடைப்பது பாதி வேலை. காற்று இல்லாவிட்டால் மீதிப் பாதி நடக்காது. 12 வோல்ட் சிறிய கம்ப்ரசர் காரின் சிகரெட் லைட்டர் துளையிலேயே ஓடும். பெரிய கம்ப்ரசர் அந்த ஃபியூஸைச் சாப்பிட்டுவிடும் என்பதால் அதை பேட்டரியில் நேராகக் கவ்வ விட வேண்டும். மணலில் காற்றிறக்கி ஓட்டுகிறவர்கள் திரும்பும்போது நான்கு டயருக்கும் காற்றேற்ற வேண்டியிருக்கும். அவர்கள் பெரியதையே வாங்கட்டும். பைக்காரர்கள் சிலர் விரும்பும் கார்பன் டை ஆக்சைடு குப்பிகளில் ஒன்று போதவே போதாது; மூன்று நான்கு செலவாகும். சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்கும்போது கசிவு தெரிந்தால் மறுபடி அடிக்கக் குப்பி இருக்காது. கால்பம்பு வியர்க்க வைக்கும், ஆனால் தீராது.

2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, டயர் அழுத்தம் காட்டும் கருவியும் டியூப்லெஸ் பஞ்சர் கிட்டும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆகவே புதுக் கார் வாங்கியவர்கள் டிக்கியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. உள்ளே சக்கரத்துக்குப் பதில் ஒரு சிறு பை மட்டும் இருக்கக்கூடும். அதில் இருப்பது ஸ்ட்ரிப்பா, ஊற்றி அடைக்கும் திரவமா என்றும் பாருங்கள். திரவம் சிறு துளைகளை அடைக்கும். ஆனால் பிறகு டயரைக் கழற்றிச் சுத்தம் செய்து ஒட்டுப் போடுகிறவருக்கு அது பெரும்பாடு.

கிட் எதுவானாலும் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளைக்கும், டயரின் பக்கச்சுவரில் விழுந்த கிழிசலுக்கும் அது மருந்தல்ல. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். எந்த அடைப்பும் அங்கே நிலைக்காது. காட்டுப்பாதையில் வேறு வழியே இல்லாமல் மூன்று ஸ்ட்ரிப்பைச் சேர்த்துத் திணித்து, நடை வேகத்தில் அடுத்த ஊர்வரை போகிறவர்கள் உண்டு. அந்த டயரைக் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்ட்ரிப்புக்கும் வயது உண்டு. நம் ஊர்க் கோடையில் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் கிடந்தால் பிசுபிசுப்புப் போய் விறைத்துவிடும். உறையோடு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை விரலால் நசுக்கிப் பாருங்கள். திறந்த சொல்யூஷன் டியூப் அடுத்த முறைக்கு இருக்காது. வால்வு திருகும் சிறு கருவி ஒன்றும் கூட இருக்கட்டும். சில சமயம் காற்று போவது அங்கேதான்.

தேரியில் போட்ட ஸ்ட்ரிப் சாத்தான்குளம்வரை ஒரு பவுண்டு காற்றும் இறங்காமல் வந்தது. ஆனாலும் உள்பக்கம் ஒட்டுப் போட்டால்தான் நிரந்தரம் என்பதால் பஞ்சர் கடையில் நிறுத்தினோம். அண்ணாச்சி டயரைக் கழற்றி, உள்ளே கையை விட்டு மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். “தம்பி, நீங்க அடச்சது நல்லாத்தான் நிக்கு. ஆனா இங்க தொட்டுப் பாருங்க” என்றார். நாங்கள் அடைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னொரு உடைமுள்ளின் முனை. வெளியே ரப்பர் மட்டத்தோடு ஒடிந்திருந்ததால் எங்கள் கண்ணில் படவே இல்லை. அவர் அதைக் குறட்டால் பிடித்து உருவி என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு இடத்துக்குமாகச் சேர்த்துச் சொல்யூஷன் தடவத் தொடங்கினார்.