பெயர்ப்பலகை இல்லாத மில்லிங் மெஷின்

மலேசியாவின் பாசீர் கூடாங், தம்போய், ஸ்கூடாய் வட்டாரத்துச் சின்னப் பட்டறைகளில் மூலையில் நிற்கும் மில்லிங் மெஷினுக்கு வயதும் தெரியாது, பூர்வீகமும் தெரியாது. பலர் கை மாறி வந்திருக்கும். கையேடு எங்கோ தொலைந்திருக்கும். பெயர்ப்பலகைக்கு மேல் யாரோ பெயின்ட் அடித்திருப்பார்கள். அது மக்கர் செய்யும் நாளில், விஷயம் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கும் அழகே தனி. ஸ்பேனரை எடுக்கமாட்டார். மேசையின் கைப்பிடியைத்தான் முதலில் சுற்றுவார்.

உருவத்தைப் பார்த்ததுமே பாதி ஜாதகம் அவருக்குத் தெரிந்துவிடும். முன்னும் பின்னும் நகரும் ராம், அதன் நுனியில் சாய்த்துத் திருப்பக்கூடிய தலை, திருகில் ஏறி இறங்கும் மேசை என்றிருந்தால், அது 1938-இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்த வடிவம். தைவான் கம்பெனிகள் அதைப் பார்த்து ஏராளமாகச் செய்தன. ஆகவே பெயரில்லாத மெஷினையும் பிரிட்ஜ்போர்ட்டின் உடற்கூற்றை வைத்தே ஆராயலாம். நகலெடுத்தவர் எதை மாற்றினார் என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

மேசையை நகர்த்துவது அங்குலத் திருகா, மில்லிமீட்டர் திருகா? டயல் வளையத்தில் எழுதியிருப்பதை நம்ப முடியாது, யாராவது மாற்றியிருக்கலாம். மேசையோடு ஓர் அளவுகோலை ஒட்டிவைத்து, கைப்பிடியை ஐந்து சுற்றுச் சுற்றுவார். 25.4 மில்லிமீட்டர் நகர்ந்தால் பிரிட்ஜ்போர்ட்டின் அங்குலத் திருகு. சரியாக 25 என்றால் மில்லிமீட்டர் திருகு. ஒரு சுற்றுக்கு வித்தியாசம் 0.08 மில்லிமீட்டர்தான். பத்துச் சுற்றில் அது 0.8 ஆகிவிடும், துளைகள் ஒன்றோடொன்று சேராது. மெஷினில் கோளாறே இருக்காது, டயல்தான் பொய் சொல்லியிருக்கும்.

அடுத்தது லூஸ். கைப்பிடியைத் திருப்பிச் சுற்றும்போது மேசை அசையாமல் வீணாகும் அந்த இடைவெளியை மூன்று இடங்களில் பார்ப்பார்: நடுவில் ஒருமுறை, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு முறை. பழைய மெஷினில் நடுப்பகுதிதான் அதிகம் தேயும், ஏனென்றால் வேலைத்துண்டைப் பிடிக்கும் வைஸ் எப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். நடுவில் லூஸ் போகும்வரை திருகின் நட்டை முடுக்கினால், தேயாத ஓரங்களில் மேசை இறுகி நின்றுவிடும். அவசரக்காரர் இங்கேதான் கெடுப்பார். மேசை வழுக்கி ஓடும் வழிப்பரப்பில் சுரண்டி எடுத்த பிறைவடிவத் தடங்கள் எங்கே அழிந்திருக்கின்றன என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் இதற்காகவே. எத்தனையோ வருஷம் எந்தப் பக்கம் வேலை நடந்தது என்பது அங்கே பதிந்திருக்கும்.

ரசிக்கத்தக்க ஒரு மயக்கம் இந்த ரகத்தில் உண்டு. மெதுவான வேகத்துக்கு பேக் கியரைப் போட்டால், கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் எதிர்த்திசையில் சுற்றும். புதிதாகச் சேர்ந்த பையன் பதறுவான்: “அண்ணே, வயரை மாத்திக் கட்டிட்டாங்க!” பெரியவர் நிமிராமலே சொல்வார்: “கியரைப் பாரு தம்பி, சுவிட்சை அந்தப் பக்கம் திருப்பு.” பல்சக்கரம் ஒன்று கூடுதலாக நடுவில் வருவதால் திசை மாறுகிறது, மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டினால் சரியாகிவிடும். இது தெரியாமல் மோட்டாருக்கு வரும் மூன்று பேஸில் இரண்டை இடம் மாற்றிவைத்தால், வேகமான ஓட்டத்தில் திசை தலைகீழாகிவிடும்.

வேகமும் இப்படித்தான். அமெரிக்க மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்கு ஆனது, மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தகட்டில் 2720 சுற்று என்றிருந்தால் இங்கே கிடைப்பது 2265 போலத்தான். பெல்ட் வழுக்குகிறது என்று வீணாகப் புது பெல்ட் வாங்க வேண்டாம்.

கிரீஸ்தான் பெரிய பாவம். எண்ணெய் ஓட வேண்டிய மெல்லிய வழிகளில் யாரோ பாசத்தோடு கிரீஸ் அடித்துவிட்டால், அது காய்ந்து அடைத்துக்கொள்ளும். பம்ப்பை எவ்வளவு இழுத்தாலும் வழிப்பரப்பு வறண்டே கிடக்கும். குழாயைக் கழற்றி, எந்த முனையில் எண்ணெய் சொட்டவில்லை என்று பொறுமையாகத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

டிஜிட்டல் அளவுகாட்டி பொருத்திவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். பாதி உண்மை. திருகை விட்டுவிட்டு மேசையையே அது அளப்பதால் அளவு தப்பாது. ஆனால் கட்டர் சுற்றும் போக்கிலேயே மேசையை ஓட்டினால், லூஸான திருகில் கட்டர் வேலைத்துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பல் முறியும். பழைய மெஷினில் கட்டருக்கு எதிராகவே மேசையைத் தள்ளுகிறார்கள்.