கொத்தும் ரூபாயும்

வரவு செலவுத் திட்ட உரைகளை இலக்கியத் திறனாய்வாளர் எவரும் கையிலெடுப்பதில்லை. ஆயினும் ஏழை வீட்டு அடுப்பின் கதையை அறிய விழைவோர் அவற்றைத்தான் முதலிற் படித்தல் வேண்டும்.

கொம்பனித்தெருவில் நமது வகுப்பு மாணவரிடம், 'ஒரு கொத்து 25 சதம்' என்பதன் பொருளை அண்மையில் வினவினோம். கொத்துரொட்டி அத்துணை மலிவாகவா விற்றது என்று வியந்தார்கள்! நாமும் சிரித்தோம். ஆனால் அரிசி அளந்த அந்தக் கொத்து வழக்கொழிந்ததோடு வேறொன்றும் போயிற்று.

1953 இல் நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. கொரிய யுத்தகாலத்து ரப்பர் விலை சரிந்து திறைசேரி வற்றியது என்பதை நாம் மறுக்கவில்லை. வற்றியபோது எவர் கலயம் முதலிற் பறிக்கப்பட்டது என்பதே நம் வினா. எழுத்தறியாத கிழவியும் அந்த 45 சத வேறுபாட்டைக் கணக்கிட்டாள். ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் எழுந்தது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின; அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாந்து' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1962 இல் பங்கீட்டிற் கைவைக்க முனைந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவும் நிதி அமைச்சர் பதவியை விட நேர்ந்தது.

இந்தப் பாடத்தை நம்மவரிலும் நன்றாகக் கற்றவர் ஜயவர்த்தனாவே. அவரது ஆட்சியில், 1978 இல் பங்கீடு குறைந்த வருமானத்தார்க்கென்று சுருங்கியது. 1979 இல் அதுவும் போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலைத்து நின்றது. அரிசி விலை நிற்கவில்லை. சில ஆண்டுகளில் அம்முத்திரையின் வாங்குந்திறன் ஏறத்தாழப் பாதியாயிற்று. எந்த அமைச்சரும் எழுந்து 'குறைக்கிறோம்' என்று உரைக்கவில்லை. கப்பலில் ஏற வேண்டிய தேவையும் எவருக்கும் ஏற்படவில்லை.

வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஏறுந்தோறும் சம்பளமும் ஏறுக என்று 1980 யூலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் இச்சூழ்ச்சியை உணர்ந்தேயிருந்தனர். ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். முற்போக்காளராகிய நாம் அவர்களுக்காகக் கண்ணீர் வடித்தோமேயன்றி, அக்கோரிக்கையின் அறிவைப் போற்றினோமல்லோம்.

2022 இல் நாடு கடனிறுக்க இயலாது வீழ்ந்த பின், 2023 இல் 'அஸ்வெசும' வந்தது: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என நான்கு படிகள். பிற்பாடு சில தொகைகள் உயர்ந்தன, உண்மை. உயர்த்தியது அரசின் விருப்பம், ஏழையின் உரிமையன்று. மேடையிலும் ஏட்டிலும் எழுந்த வாதமெல்லாம் பட்டியலில் எவர் பெயர் உண்டு, எவர் பெயர் இல்லை என்பதிலேயே பெரிதும் சுழன்றது. நம் பெற்றோரும் அதையே கேட்கிறார்கள்.

பழைய கொத்தின் அளவைக் கரும்பலகையில் எழுதி, 15,000 ரூபாய்க்கு எத்தனை கொத்து என்று கணக்குக் கொடுத்தோம். எந்த மாதத்து விலைக்கு ஐயா என்று ஒரு மாணவி கேட்டாள்.