பிரிவினைப் படநூலும் எல்லைப்புறச் சிறாரும்

போருக்குப் பிந்திய சிறுவர் இலக்கியம் பகையைப் பேசாது விடுவதா, பெயர் சுட்டிப் பேசுவதா என்னும் வினா இன்றும் முடிவுறாதது. 1946இல் ஜெர்மனியில் பன்னாட்டுச் சிறுவர் நூற்கண்காட்சிகளை அமைத்த யெல்லா லெப்மன் முன்னதையே தேர்ந்தார். சண்டையிட மறுக்கும் 'ஃபெர்டினாண்ட்' என்னும் காளையின் கதையை மொழிபெயர்த்து, 30,000 படிகள் அச்சிட்டுச் சிறாருக்கு வழங்கினார். அக்கதையில் பகைவன் யார் என்னும் பேச்சுக்கே இடமில்லை.

நீனா சப்னானியின் 'முகந்த் அண்ட் ரியாஸ்' (துலிகா, சென்னை, 2007) பின்னதன் பாற்பட்டது. 1947இல் கராச்சி நகரத்து இந்துச் சிறுவனும் முஸ்லிம் சிறுவனும் பிரிய நேர்ந்தமையை, ஆசிரியர் தம் தந்தையின் நினைவிலிருந்து கூறுகின்றார். நண்பர் மீண்டும் கூடினர் என்னும் பொய்யாறுதலை இந்நூல் தருவதில்லை. இதுவே இதன் முதற் சிறப்பு. படங்கள் பெண்டிரின் துணி ஒட்டுத்தையற் கலையைத் தழுவியன. வெட்டுண்ட துண்டுகள் வெட்டுண்டவையாகவே தெரிகின்றன. எனினும் ஒரே விரிப்பின்மீது தைக்கப்பட்டுள்ளன. கதைமொழி சொல்லாது விட்டதைத் தையல் சொல்லிவிடுகின்றது எனலாம்.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியும் இடுக்கி மாவட்டத் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளும் போர் கண்டவை அல்ல. ஆயினும் 1956 மொழிவழி மாநிலப் பிரிப்பையொட்டிய கிளர்ச்சியும், 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுச் சிக்கலால் குமுளி எல்லையில் மூண்ட வன்முறையும் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மறந்தவை அல்ல. அன்று கம்பம் சாலையில் போக்குவரத்தே தடைப்பட்டது. அண்டை வீட்டான் ஒரே நாளில் அயலானாகும் கதை அங்குள்ள சிறாருக்குத் தொலைவானதன்று.

குறை நூலில் இல்லை, பதிப்பு முறையில் உள்ளது. துலிகாவின் இருமொழி நூல்கள் ஆங்கிலத்தோடு ஓர் இந்திய மொழியை இணைப்பன. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசையோ ஒரே படங்களை மொழிதோறும் தனி நூலாக்குகின்றது. இம்முறைகளில் சித்தூரின் தமிழ்ப் பிள்ளையும் மலையாளப் பிள்ளையும் ஒரே படத்தைக் காண்பர். ஒருவர் எழுத்தை மற்றவர் காணார். இரண்டையும் பேசி வளரும் சிறார்க்கு இஃது இழப்பே. மழை–மழ, மலை–மல, தலை–தல எனச் சொற்கள் இணைந்து வரும் இரு மொழிகள் இவை. பக்கத்துக்கு ஓரிரு வரியே கொண்ட படநூலில் அவ்விணைகளை அருகருகே அச்சிடுதல் அரிய செயலன்று. ழகரத்துக்கு இரு மொழியிலும் தனி எழுத்துண்டு என்பதைக் கண்டறியும் மகிழ்ச்சியைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடலாம்.